ஏழாவது கேள்விக்கு அண்ணன் சொன்ன பதில்

கொச்சியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லித் தருகிறேன். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் பற்றிய கள ஆய்வுக்குக் கேள்விகளை எழுதியவனும் நான்தான். எங்கே போவது என்பதை மாணவர்களிடம் விட்டேன். அவர்கள் மட்டாஞ்சேரி மசாலாக் கிடங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மூட்டை தூக்குபவர் என் அண்ணன். இதைக் கல்லூரியில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

மாணவர்களோடு நானும் போனேன். தலையில் சாக்குடன் அவர் எதிரே வந்ததும், முனைவர் பட்டம் வாங்கிய நான் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினேன். ஒளிய இடம் தேடுகிறவன் மிளகையா தேர்ந்தெடுப்பான்? வரிசையாக ஐந்து தும்மல். என் தும்மல் அண்ணனுக்குத் தெரியாதா? காலையில் அவர் வீட்டில்தான் இட்லி தின்றிருந்தேன். எட்டிப் பார்த்தார். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

உறவினர்கள் பற்றியது ஏழாவது கேள்வி. ஒரு மாணவி கேட்டாள்: "சேட்டா, இவிடெ பந்துக்கள் ஆரெங்கிலும் உண்டோ?"

"ஆருமில்ல மோளே. எல்லாம் ஊர்லதான்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் கை காட்டி, "அந்த சாருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடு. பாவம், நெடி ஒத்துக்கல போல" என்றார்.

வெட்கமில்லாமல் அந்தச் சாயாவையும் குடித்தேன்.

மறுநாள் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். அண்ணனின் படிவத்தில் ஏழாவது கட்டத்தில் 'இல்லை' என்றிருந்தது. அது பொய்யென்று தெரிந்த ஒரே ஆசிரியரான நான் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "தும்மல் நின்னுச்சாடா?"

"நின்னுடுச்சுண்ணே" என்றேன், சட்டினியைப் பார்த்தபடி.