பச்சை எழுத்தில் ஒரிஜினல்

அந்த மென்பொருள் இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. நேற்றுகூடத் திரையின் மூலையில் எட்டிப் பார்த்து, புதிய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு மென்பொருளைப் பார்த்தா குமட்டும் என்று கேட்பவர்கள், அதன் பேச்சால் ஊர் முன்னால் திருடி என்று பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

நான் திருத்தணியில் இருந்துகொண்டு சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டரில்தான் போடுவேன். அம்மையார்குப்பத்தில் என் அக்காவின் கணவர், எங்கள் வீட்டு வழக்கப்படி பாவா, பவர்லூம் வைத்திருக்கிறார். நான் போடும் டிசைன் ஒரு ஃபைல். அதைத் தறியோடு இணைத்த கம்ப்யூட்டரில் ஏற்றினால், தறி அந்தப் பூவையும் கொடியையும் பார்டரில் நெய்துகொண்டே போகும். பாவாவின் தறிக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் பாதித் தறிக்காரர்களுக்கு நான்தான் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. டிசைன் முடிந்ததும் முதலில் சாம்பிள் பார்க்க பாவாவுக்கு அனுப்புவேன். அவர் அரை முழம் ஓட்டிப் பார்த்துவிட்டு, நிறம் ஓரம் எல்லாம் சரியென்றால் அந்த சாம்பிள் ஃபைலை அழித்துவிட வேண்டும். நான் ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு மலைக்கு, முருகன் கோயிலுக்குப் போவேன். குருக்கள் அதைத் தட்டில் வாங்கி, சாமி பாதத்தில் வைத்து, விபூதியும் ஒரு பூவும் சேர்த்துத் திருப்பித் தருவார். முதல் முறை மட்டும் "என்னம்மா இது?" என்று கேட்டார். "டிசைனுங்க சாமி" என்றேன். அதற்கப்புறம் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய ஃபைலை அழித்துவிட்டு, மலைக்குப் போய் வந்ததைப் புதிதாக ஏற்றிக்கொள்வேன். தறிக்கும் அதுதான் போகும். சாமி பார்க்காததை ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். நெய்கிறவர்கள் முதல் சேலையை மலைக்குக் கொண்டுபோகிறார்கள், நான் பென்டிரைவைக் கொண்டுபோகிறேன். இதில் யாருக்கும் அதிசயம் இருந்ததில்லை.

அந்த வருடம் நான் போட்டது முருங்கைப்பூ பார்டர். எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மரத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூத்துத் தொங்குவதைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மாங்காயும் மயிலும் பார்த்துச் சலித்தவர்களுக்கு அது பிடித்துப் போனது. பாவாவின் தறியில் சேலை இறங்க ஆரம்பித்த அதே வாரம், இரண்டு தெரு தள்ளி இன்னொரு தறிக்காரர் வீட்டிலும் அதே முருங்கைப்பூ இறங்கியது. இலை, காம்பு, நான் வேண்டுமென்றே கோணலாக விட்ட ஒரு மொட்டு உட்பட எல்லாம் அச்சு அசல் அதே.

ஒரே டிசைனை இரண்டு பேர் ஓட்டினால், முதலில் கொண்டுவந்தவருக்குத்தான் அந்த சீசன் என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. மற்றவர் தறியிலிருந்து இறக்கிவிட வேண்டும். பிறத்தியார் டிசைனைச் சுட்டு விற்றவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால், அப்புறம் யாரும் அவளிடம் வேலை கொடுக்க மாட்டார்கள். ஊரில் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். போகும்போது எனக்கு அந்த பயம் துளிகூட இல்லை. நான் போட்டதுதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று பூ வைத்துக்கொண்டு போனேன்.

அந்தத் தறிக்காரர், வெளியூர் ஆளை வைத்துப் போட்டது என்று தன் ஃபைலை நீட்டினார். நான் என்னுடையதை நீட்டினேன். ஊர்ப் பெரியவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்கு இன்னா தெரியும். தெரிஞ்சவன இட்டுகினு வாங்க" என்றார். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் லேப்டாப்போடு வந்தார். அவரிடம்தான் இருந்தது அந்த மென்பொருள். எந்த ஃபைலைப் போட்டாலும் அது என்ன வகை, எப்போது உண்டானது, கெட்டுப்போயிருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும். இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எது முந்தியது என்றும் சொல்லும்.

போட்டார். அந்தத் தறிக்காரரின் ஃபைலுக்கு நேராகப் பச்சை எழுத்தில் 'ஒரிஜினல்' என்று வந்தது. என்னுடையதற்குச் சிவப்பில் 'காப்பி'.

"இன்னாம்மா, மிசினு வேற மாதிரி சொல்லுதே" என்றார் பெரியவர்.

"மலைக்குக் கொண்டும்போயி வந்து திரும்ப ஏத்தனதுங்க. ஏத்தன நாளத்தான் அது காட்டுது."

"அப்ப முதல்ல போட்டது எங்க?"

"அழிச்சிட்டங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "கஷ்டப்பட்டுப் போட்டத யாராச்சும் அழிப்பாங்களா" என்று ஒரு குரல். வருடா வருடம் மலைக்குச் சேலை தூக்கிக்கொண்டு போகிற அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அழிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. பாவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தலைகுனிவு ஆகிவிட்டதே என்று அவர் வருந்துவதாக நினைத்து, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவா தறியிலிருந்து முருங்கைப்பூவை இறக்கச் சொல்லித் தீர்ப்பானது.

அதோடு என் பிழைப்பில் மண் விழுந்தது. வாரத்துக்கு நாலு தடவை போன் போட்டு நச்சரித்தவர்கள் பஸ்ஸில் என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் திருத்தணியில் ஒரு கடையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கப் போனேன். தங்கள் நல்வரவை விரும்பும் என்று அடித்து அடித்து விரல் மரத்துப் போனது. அக்கா மட்டும் அடிக்கடி போன் செய்து, "சாப்ட்டியா, ஒடம்ப பாத்துக்கோ" என்பாள். அந்த ஒரு ஆறுதலில்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

என்னை இப்படி ஆக்கிய சனியன் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, அதே மென்பொருளை என் கம்ப்யூட்டரில் இறக்கினேன். காசு கிடையாது, இனாம். அதன் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில், 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. ஃபைலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்தால் தேதி மாறிவிடும், அதை நம்ப வேண்டாம் என்று அதில் முதல் வரியே சொன்னது. தறி டிசைன் ஃபைல்களின் உள்விவரங்களை இப்போதைக்குப் படிக்க முடியாது, வரும் பதிப்பில் முயல்கிறோம் என்றது அடுத்தது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெரியும் என்று அதைச் செய்தவனே எழுதி வைத்திருக்கிறான். தெரிந்துகொண்டே திரையில் இத்தனை பெரிசாகப் பச்சையடித்து வைத்திருக்கிறான். தூ.

அந்த ரிப்பேர் கடைக்கே போய்ப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் டீயை ஊதிக்கொண்டே பார்த்தார்.

"இத்தயெல்லாம் யாரு மேடம் படிச்சிகினு இருப்பாங்க? நான் பச்சைய பாத்தேன், சொன்னேன்."

"உங்க பச்சையில என் பொழப்பு போச்சுங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? நானா எழுதுனேன் அத்த?"

அவருக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். பஞ்சாயத்தில் சோதித்த அந்தத் தறிக்காரரின் ஃபைல் இன்னும் அவர் லேப்டாப்பில் இருந்தது. கேட்டதும் என் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அடுத்த பதிப்பு வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. என்ன வந்தது தெரியுமா? பட்டன்களுக்கு நிறம் மாற்றியிருந்தார்கள். அதற்கடுத்த பதிப்பில், இருட்டில் கண் கூசாமலிருக்கத் திரையைக் கறுப்பாக்கிக்கொள்ளும் வசதி. அதற்கடுத்து, எதையோ திறந்தால் அப்படியே நின்றுபோவது சரி செய்யப்பட்டதாம். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவேன். தறி டிசைன் வரி அங்கேயே குந்திக்கொண்டிருக்கும், வரும் பதிப்பில் முயல்கிறோம் என்று. இவர்களும் இவர்கள் முயற்சியும். எங்கோ குளுகுளு அறையில் உட்கார்ந்து பட்டனுக்குப் பொட்டு வைத்துப் பார்க்கிறவனுக்கு, இங்கே ஒருத்தி பத்திரிகை அடித்துக்கொண்டிருப்பது எங்கே தெரியப் போகிறது?

முருங்கை மறுபடி பூக்கிற சமயத்தில், ஒரு நாள் அந்த வரி பட்டியலில் இல்லை. அந்தத் தறிக்காரரின் ஃபைலை உள்ளே போட்டேன். முதலில் உண்டான கம்ப்யூட்டர்: மரவள்ளி. என் கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பெயர் அது. மரவள்ளிக்கிழங்கு அவித்த அன்றைக்கு விளையாட்டாக வைத்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம்தான் கீழே இருந்த வரியைப் படித்தேன். கடைசியாகச் சேமித்த கம்ப்யூட்டர்: பாவா தறி.

அந்தப் பெயரையும் நான்தான் வைத்தேன், பாவா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது. மலைக்குப் போய் வந்ததைவிட முந்தியது என்பதால், அது நான் சாம்பிளுக்கு அனுப்பிய ஃபைல்தான். அவர் அழிக்கவில்லை, தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் மலையேறிக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கிறது. பஞ்சாயத்தில் தரையைப் பார்த்தாரே, அது எனக்காக இல்லை. எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை.

அக்கா வாழ்க்கை என்னாவது என்று இரண்டு மூன்று நாள் தவித்தேன். ஆனால் நான் எடுக்காததை எடுத்தேன் என்று எத்தனை நாள் சுமப்பது? பெரியவரிடம் போய்ச் சொன்னேன். மறுபடியும் கூடினார்கள். அதே லேப்டாப், அதே ரிப்பேர் கடைக்காரர். மரவள்ளி என்று வந்ததும் சிலர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பாவா தறி என்று வந்ததும் அதே தலைகள் குனிந்துகொண்டன.

பெரியவர் பாவாவைப் பார்த்தார். இருவரும் சம்பந்திகள் மாதிரி பழகுகிறவர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ரிப்பேர் கடைக்காரரிடம், "இது கரெக்டா காட்டுதா நைனா? இதுல கொறையே கெடையாதா?" என்றார்.

என்னிடம் டீயை ஊதிக்கொண்டே யார் படிப்பார் என்று கேட்ட அதே மனிதர், நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "ஆங், போட்டுகிறாங்கய்யா. கம்ப்யூட்டர் பேர யாரு வேணா மாத்திக்கலாமாம். அதனால இத்த மட்டும் வெச்சி முடிவு பண்ணக் கூடாதுன்னு போட்டுகிறாங்க."

"பாத்தியாம்மா. மிசின நம்பி எப்டி ஒரு ஆளு மேல பழி போடறது?" என்றார் பெரியவர். "சீசனும் முடிஞ்சிபோச்சி. இனிமே யாரு வேணா ஓட்டிக்கட்டும். நீயும் உட்டுடு."

அன்றைக்கு என் மேல் போட்டீர்களே என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். பாவா நழுவிப் போனதை நான் பார்க்கவில்லை, வாசலில் அவர் செருப்பு இல்லாததைத்தான் பார்த்தேன்.

திருத்தணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். வேறு யார் வாயாலும் அவள் இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அக்கா, பாவாதான்கா அந்த ஃபைல குடுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்டி" என்றாள் அக்கா. "மொதல்லயே எங்கிட்ட சொன்னாரு. மச்சினிச்சி போட்டதுன்னு பெருமையா காட்டப் போனாராம், அந்த ஆளு ஏத்திக்கினானாம். பஞ்சாயத்துல எந்திரிச்சி சொல்லத்தான் இருந்தாரு. அதுக்குள்ள மிசினே சொல்லிடுச்சி. அதுக்கப்புறம் நாங்க இன்னா சொல்றது, சொல்லு."

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். நான் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா போனில், "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.