பெட்டி ஏன் விழுந்தது

அந்தப் பெண்ணுக்குக் கையில் வலு இல்லை என்றுதான் முதலில் நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான். எழுபதுகளில், தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஓலைப்பெட்டியில் உப்பைச் சுமந்து வந்து அம்பாரமாகக் கொட்டுவார்கள். பெட்டியைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கைகொடுக்க வேண்டும். அந்த வேலையைக் கங்காணி தானாகவே எடுத்துக்கொண்டான். நல்ல மனுஷன் என்று அதையும் நம்பினேன்.

புதிதாக வந்த அவள் மட்டும் அடிக்கடி பெட்டியைக் கீழே போட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? "ஏளா, கடல்கிட்ட வாங்குன உப்பைத் திருப்பிக் குடுக்கியா?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். கங்காணி கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பான்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவள் என் முன்னால் நின்றாள்.

"கேலி இருக்கட்டும் அண்ணாச்சி. என் ரெண்டு கையும் பெட்டியப் பிடிச்சிருக்கும்போது அவன் கை எங்க போவுதுன்னு ஒருநா பாருங்க."

மறுநாள் பார்த்தேன். பெட்டி தலைக்கு ஏறியதும் அவன் கை அவள் மார்புக்குப் போனது. அவள் பெட்டியை விட்டாள். கோணி ஊசி என் விரலில் ஏறியது. இத்தனை நாளும் நான் சிரித்தது இதற்குத்தான்.

அன்றே பெண்கள் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"வேலைக்குச் சோம்பிக்கிட்டு எம்மேல பழி போடுதா மொதலாளி" என்றான் கங்காணி. "தெனமும் இவ பெட்டியப் போடுதத இவருல்லா கேலி பண்ணுவாரு, கேளுங்க."

என் கேலிதான் அவனுக்குச் சாட்சி.

முதலாளி என்னிடம் திரும்பினார். "நீரு எதிர்லதான இருக்கீரு. பாத்தீரா வே?"

என் வீரத்தைக் கேளுங்கள். வேலை போய், பெண்டாட்டி என்னை வீட்டைவிட்டுத் துரத்தி, நான் தெருவில் நிற்பதுவரை ஒரு நொடியில் பார்த்து முடித்துவிட்டேன்.

"உப்பு வெளிச்சத்துல கண்ணு கூசுது மொதலாளி" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த வயதான சுமைக்காரி எழுந்தாள். "எனக்குக் கூசல. நான் பாத்தேன். எனக்கும் செஞ்சிருக்கான்." பிறகு இன்னொருத்தி எழுந்தாள். பிறகு மற்றவர்களும். சாயங்காலத்துக்குள் கங்காணி வேலையை விட்டு நீக்கப்பட்டான். அதன்பின் பெண்கள் ஒருவருக்கொருவர் பாரம் ஏற்றிவிட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது, நானும் அவளுக்காகப் பேசியதாக இரண்டு மூன்று இடங்களில் அளந்திருக்கிறேன். பேசவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொன்னேன்.