அண்ணா கீறி முடிக்காத படம்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எழுத்தும் வடிவில்லை, இப்போது மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவின் முப்பத்தோராம் நாள் மலரில் நானும் எழுதவேண்டும் என்று அவருடைய மகள் கேட்டபடியால் எழுதுகிறேன். அவர் இல்லை என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

அண்ணா யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வெளியே, நாலு சின்னக் குறிச்சிகள் சேர்ந்த எங்கள் கோயில் பங்கில், வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா வேளைக்கே காலமாகிவிட்டதால் பதினாறு வயதில் சங்கக்கடையில் அரிசி நிறுக்கப் போனார். என்னைக் கட்டிக்கொடுத்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். அம்மாவை எங்கள் சேமக்காலையில் அடக்கம் செய்து ஒரு மாதத்துக்குள் ஊரே இடம்பெயர்ந்தது. நாங்கள் நட்டது மரச்சிலுவைதான். அது இப்போது இல்லையாம். இடத்தைச் சரியாகத் தெரிந்தவர் அண்ணா ஒருவர்தான்.

ஆக்லாந்துக்கு வந்து ஹென்டர்சனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். ஓய்வெடுத்த பிறகு, வீட்டுக்குக் கிட்டவுள்ள விக்டோரியா மகாராணி காலத்துக் கோயிலின் சேமக்காலையில் புல்லுப் பிடுங்கப் போனார். அங்கே இருந்த பழைய பதிவுப் புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நாளில் அந்தப் பங்கும் பட்டணத்துக்கு வெளியேதானாம். கல்லுடைக்கிறவர்கள், செங்கல் சுடுகிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள் என்று மூன்று சின்னக் குடியிருப்புகள். இன்று அவற்றின் மேல் மோட்டார்வே ஓடுகிறது.

"இங்கையும் எங்களைப் போலக் குறிச்சி குறிச்சியாத்தான் தாட்டிருக்கினம், பிள்ளை" என்று சந்தோஷத்தோடு வந்து சொன்னார். ஒரே வீட்டில் ஒரே மாரியில் மூன்று குழந்தைகள் தொண்டை நோயில் செத்ததை வாசித்த அன்று அவர் சாப்பிடவில்லை. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று முழுவதையும் பெரிய தாளில் கீறிக் கோயிலுக்குக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளைக்காரரின்ர குழியெல்லாம் தெரியுது. அம்மா கிடக்கிற இடத்தை ஒருக்காக் கீறித் தாங்கோவன், அண்ணை."

"அது என்ர தலைக்குள்ள கிடக்கு. எங்க ஓடப்போகுது? ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன்."

"அந்தத் தலைதானே கண்ணாடியை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிட்டு வீடெல்லாம் தேடினது!"

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை, "பால் முடிஞ்சுது, டெய்ரிக்குப் போட்டு வாறன்" என்று அண்ணியிடம் சொல்லிப் போனவர் அந்த மூலைக்கடை வாசலில் விழுந்தார். அவ்வளவுதான். ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்காத மனுஷன். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி ஊற்றி வைத்த தேத்தண்ணி பாலில்லாமல் மேசையிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு தாள். எனக்காகத் தொடங்கியிருக்கிறார். எங்கள் கோயில், சேமக்காலை வாசல், கிணறு. பிறகு வெறும் வெள்ளை. அந்தத் தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்த டெய்ரிக்காரப் பெண்ணுக்கும், எங்கள் பிரார்த்தனைக்குத் தங்கள் கோயிலைத் திறந்து தந்தவர்களுக்கும், அடுப்பு எரியாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

அன்று அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். வாசலால் போய்க் கிணற்றடியில் வலப்பக்கம் திரும்பினால், எங்கள் குறிச்சி வரிசையில், மதிலோரம் ஏழாவது என்று எனக்கு நினைவு. ஒன்பதாகவும் இருக்கலாம். தயவுசெய்து யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அண்ணாவின் தாளில் இப்போதைக்குப் பென்சிலால்தான் போட்டிருக்கிறேன்.