ஆதிலட்சுமியின் ஒரிஜினல்கள்

எழுபத்தெட்டாம் வருஷம் புரட்டாசி. கீழ்பென்னாத்தூரில் கொல்லை முழுக்க வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அங்கே வைத்துத்தான் ஆதிலட்சுமி அந்த வேலையைப் பற்றி வாய் திறந்தாள். திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. மாதம் எழுபத்தைந்து ரூபாய்.

அப்பா சின்னசாமி கையிலிருந்த செடியை உதறினார். "எழுபத்தஞ்சா? மாசம் பூரா வந்தா நம்ப சரசு அதைவிட ஜாஸ்தி வாங்குவாளே! அவ எந்த காலேஜுல பி.ஏ. படிச்சா?"

காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சரசு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நீ இங்கயே குந்திக்கோ பாப்பா, கூலி நான் பேசித் தர்றேன்."

அம்மா தங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். சும்மா இருக்கிற பொண்ணுதானே, தை மாசமே முடிச்சிடலாம்னு அர்ஜுனன் கேக்கறான்" என்றாள். அர்ஜுனன் தங்கம்மாளின் தம்பி. பெண்டாட்டி செத்து, இரண்டு பிள்ளைகளோடு நின்றவர்.

ஆதிலட்சுமிக்குச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வேலையில் சேர்ந்தால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பி.ஏ. சர்டிபிகேட்டையும் ஒரிஜினலாகப் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும். வேலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் பெயர் பதிந்திருந்தது. என்றைக்காவது அங்கிருந்து கார்டு வரும். அன்றைக்கு அந்த ஒரிஜினல் கையில் இருந்தால்தான் சர்க்கார் வேலை.

பள்ளி நடத்தும் ராமகிருஷ்ணனிடம் நேராகவே கேட்டாள். "கார்டு வந்தா குடுத்துடுவீங்களா சார்?"

"நான் என்ன திங்கவா போறேன்?" நெற்றி நிறைய விபூதியோடு அவர் சிரித்தார். "டீச்சருங்க பாதியில ஓடிடறாங்கம்மா. அதுக்குத்தான்."

கொடுக்காமல் திரும்பினால் தை மாதம். கொடுத்தால் ஒரு பீரோ. அவள் கொடுத்துவிட்டாள். அவர் பீரோவைப் பூட்டிய சத்தம், பஸ் ஸ்டாண்டு வரை அவள் கூடவே வந்தது.

இரண்டே மாதம்தான். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் கார்டு வந்துவிட்டது! தீபத்துக்கு மறுநாள் காலை, வேலூரில் இன்டர்வியூ. தாலுகா ஆபீஸ் கிளார்க் வேலை. அப்பாவே அந்தக் கார்டை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். சரசு வீட்டுக்கும் மறக்காமல் போனார்.

பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். ராமகிருஷ்ணன் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். தீபத்தன்று சாயங்காலம் அவரைக் கண்டுபிடித்தாள். தேரடியில் அன்னதானப் பந்தலில் வேட்டியை மடித்துக் கட்டி, யார் யாருக்கோ சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்குக் காலையில இன்டர்வியூ சார். சர்டிபிகேட்..."

"நல்ல நாள் அதுவுமா என்னம்மா இது? தீபம் முடியட்டும்."

"சாவி குடுத்தீங்கன்னா நானே எடுத்துக்கறேன் சார்."

"இலையைத் தாண்டாதம்மா, ஜனங்க சாப்புடறாங்க."

அந்த நேரத்தில் மலை உச்சியில் தீபம் ஏறியது. தெருவே 'அரோகரா' என்று அலறியது. ராமகிருஷ்ணன் கரண்டியை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, பாவி மனுஷனுக்கு! அப்புறம் கூட்டத்தோடு கோயில் பக்கம் நடந்தவர்தான், ஆளே கிடைக்கவில்லை.

டைப் அடித்த காப்பியை எடுத்துக்கொண்டு, தீபக் கூட்டம் திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே வேலூர் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காப்பியைத் தொடக்கூட இல்லை.

"ஒரிஜினல் எங்க?"

"ஸ்கூல்ல இருக்கு சார்."

"அப்ப ஸ்கூல்லியே இரும்மா" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாலாம் நாள் ராமகிருஷ்ணன் ஒரிஜினலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வேலை வேணாம்னா எடுத்துக்கோ. நான் யாரையும் கட்டிப் போடல." அவள் நின்று பார்த்தாள். கார்டு போய்விட்டது. தை மாதம் இன்னும் போகவில்லை.

"உள்ளயே வையுங்க சார்" என்றாள்.

அடுத்த கார்டு வரவேயில்லை. வயது வரம்பு தாண்டியது. அர்ஜுனன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த வேலை அவளுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

எண்பத்தெட்டில் ஆதிலட்சுமி பெரிய டீச்சர். பீரோ சாவி அவள் இடுப்பில். யு.கே.ஜி.க்கு ஆள் இல்லாமல் நாலு மாதமாக இரண்டு வகுப்பையும் அவளே பார்த்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்போதுதான் கஸ்தூரி என்ற பெண் வந்தாள். பி.எஸ்ஸி. முடித்த கையோடு வந்திருந்தாள். சர்டிபிகேட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"கார்டு வந்தா குடுத்துடுவீங்களா டீச்சர்?"

ஆதிலட்சுமி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போடி என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. உள்ளே யு.கே.ஜி. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"நாங்க என்ன திங்கவா போறோம்?" என்று கையை நீட்டினாள்.

வாங்கியதை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பீரோவைத் திறந்து, தன்னுடையதன் மேலேயே வைத்துப் பூட்டினாள்.