தீகாங் அக்காவின் இரண்டாவது மாத்திரை

எங்கள் ஊரில் யாருக்காவது கோபம் வந்தால் 'ஹைபிளட் ஏறிடுச்சு' என்போம். ரத்தக் கொதிப்புக்கும் கோபத்துக்கும் ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லை நம்பி நாங்கள் ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்தோம். நாங்கள் என்று ஏன் மழுப்ப வேண்டும், நான்தான்.

எங்கள் இலோய்லோ நகரத்து மார்க்கெட் ஓரத்தில், ஜீப்னி என்கிற ஷேர் வண்டிகளின் ஸ்டாண்டில் கூவிக் கூவி ஆள் ஏற்றுகிறவள் தீகாங் அக்கா. ஞானஸ்நானப் பெயர் எஸ்கோலாஸ்திகா. "ஹாரோ போற வண்டி! ஹாரோ! பக்கத்துக்கு ஒம்போது பேரு! காலை அகட்டாத, உங்க வீட்டு சோபாவா இது?" என்று அவள் கத்தினால் மீன்காரிகளே வாயை மூடிக்கொள்வார்கள். வரிசை தாண்டி நுழையும் வண்டியைத் தகர டப்பாவால் ஒரு போடு போடுவாள். பதினெட்டு வருஷம் அந்தக் குரல் விரட்டித்தான் நான் வண்டி எடுத்தேன். தினமும் மனசுக்குள் அவளைத் திட்டாமல் ஒரு நாள்கூட எடுத்ததில்லை.

சுகாதார நிலையத்தில் அவளுக்குக் கொதிப்பு என்று சொல்லி, நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று. கூட ஓட்டுகிற ஃபெர்மின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாதாவே, இந்த வாய்க்கும் மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களே!"

செருப்பு பறந்து வந்தது.

ஒரு வாரம் ஆகியும் கத்தல் குறையவில்லை. என் அம்மாவுக்கும் அதே மாத்திரைதான். வீட்டில் மீந்து கிடந்ததை எடுத்துப் போனேன்.

"ஒண்ணு உனக்குப் பத்தலக்கா. மத்தியானமும் ஒண்ணு போட்டுக்க."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் ஸ்டாண்டே ஜெபம் நடக்கிற கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தே கையைக் காட்டுவாள். நாங்கள் காலை வணக்கம் சொன்னோம், காபி வாங்கிக் கொடுத்தோம். "கெண்டைக்கால் புடிச்சு இழுக்குதுடா புலோங்" என்றாள் என்னிடம். வெயிலில் பதினெட்டு வருஷம் நின்ற கால், இழுக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், ஃபெர்மின் அவள் மூக்குக்கு முன்னாலேயே வரிசையை வெட்டி நுழைந்தான். டப்பாவை எடுக்கப் போனாள். கை எழும்பவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், காலும் வரவில்லை. நானும் ஃபெர்மினும் அவளைத் தூக்கி என் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். அக்காவுக்குப் பேசத் தெம்பில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது கொதிப்புக்கான மாத்திரை, கோபத்துக்கு இல்ல" என்றாள் டாக்டரம்மா. "நீரோட சேர்ந்து உடம்புல இருந்த பொட்டாசியமும் போயிடுச்சு. கை கால் அசையறதுக்கும் அது வேணும், இதயம் ஒழுங்கா அடிக்கறதுக்கும் அது வேணும். இப்பவே துடிப்பு தாறுமாறா இருக்கு. இன்னும் விட்டிருந்தீங்கன்னா நின்னே போயிருக்கலாம்."

கையில் ஊசி குத்திப் பொட்டாசியம் ஏற்றினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னோம். அந்த மருந்து நரம்பில் எரியுமாம், எங்களுக்கு யார் சொன்னார்கள்? சாயங்காலம் திடீரென்று வார்டு அதிர்ந்தது.

"அடியே நர்ஸு! கையில தீய வச்சிட்டியாடி! எறக்குடி வேகத்த!"

ஃபெர்மினும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அத்தனை இனிமையான வசவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"கோபத்துக்கு மாத்திரை கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"அப்புறம் ஏன்கா போட்ட?"

"கொதிப்பு சீக்கிரம் எறங்கட்டும்னுதான் மொதல்ல போட்டேன். ஒடம்பு தளர்ந்து ரெண்டு நாள் கத்தாம இருந்தேன். நீங்கல்லாம் மொதல் தடவையா எனக்கு வணக்கம் சொன்னீங்க. நல்லாத்தான்டா இருந்துச்சு. அதான் விடாம போட்டேன்."

மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அவள் ஸ்டாண்டுக்குத் திரும்பிய காலையில் பதினொரு டிரைவர்களும் வரிசையாக நின்று வணக்கம் சொன்னோம்.

"ஏன்டா, எவனாவது செத்துட்டானா? வண்டிய எடுங்கடா!" என்றாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம், தினமும் வணக்கம் சொன்னோம், தினமும் திட்டு வாங்கினோம்.

இப்போது அந்த ஸ்டாண்ட் இல்லை, அக்காவும் இல்லை. எனக்கும் கொதிப்பு, எனக்கும் நீர் மாத்திரை. சுகாதார நிலையத்துப் பெண் ரத்தம் எடுத்துப் பார்த்து, "பொட்டாசியம் சரியா இருக்கு தாத்தா" என்று மெதுவாகச் சொல்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் யாராவது அவ்வளவு மெதுவாகப் பேசினால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.