புகையிடம் சொன்ன வார்த்தை

குவைத்தின் மங்காஃபில் வீட்டு வேலை பார்த்த பானுமதிக்குக் கையைவிட வாய் வேகம். யாராவது கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், பெரம்பலூர்க்காரி பொங்கிவிடுவாள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று சிலிண்டர் போட வந்த வங்காளிக்குக்கூடத் தமிழில் பாடம் நடத்தினாள். புருஷன் செத்துப்போன பிறகு இந்தப் பிடிவாதம் கூடிப்போயிருந்தது.

வீட்டுக்காரி தெல்மா பள்ளிக்கூட டீச்சர். கனடாவின் மேற்குக் கடற்கரையில் வாழும் சேலிஷ் பழங்குடியைச் சேர்ந்தவள். அவளுடைய ஐந்து வயது மகள் ரூபி பானுமதியின் இடுப்பிலேயே வளர்ந்தவள். அதனால் அவளுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பானுமதியும் தெல்மாவும் மட்டும் உடைந்த இங்கிலீஷில் காலம் தள்ளினார்கள்.

2006 கோடையில் தெல்மாவின் தங்கை ஊரில் இறந்துபோனாள். பரீட்சை நேரம் என்று தெல்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் இறந்தவர்களுக்கு நெருப்பின் வழியாகத்தான் சாப்பாடு போய்ச் சேரும். "எங்க ஊர்ல இதுக்குன்னே ஆள் உண்டு. இங்க நான்தான்" என்று தெல்மா மொட்டைமாடியில் தகர டின்னில் தீ மூட்டி, மீனும் உருளைக்கிழங்கும் இட்டாள். தொண்டைக்குள் சொடுக்குப் போடுகிற அவர்கள் பாஷையில் தங்கையோடு பேசினாள்.

"சாப்பிட்டாச்சு. திரும்பிப் பார்க்காம இறங்கு" என்று கூட நின்ற பானுமதியிடம் சொன்னாள்.

பானுமதிக்கு மனசு கேட்கவில்லை. படியில் கால் வைக்கும்போது புகையைப் பார்த்து, "போயிட்டு வாங்கம்மா" என்றாள்.

மறுநாள் ரூபி, அந்தச் சித்தி பின்னி அனுப்பியிருந்த கம்பளி ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள். தடித்த நூல், மார்பில் வரிசையாகப் பறவைகள். வெளியே தார் உருகுகிற வெயில்.

"குளிருது பானும்மா."

தொட்டால் கை ஐஸாக இருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். சோறு இறங்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றப் போனால் வீடே அதிர அலறினாள். பிள்ளை நாளுக்கு நாள் துரும்பானாள்.

ஒரு மத்தியானம் ரூபி காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருகூடடி பேசுற?"

"சித்தி. நீதானே வரச் சொன்ன?"

பானுமதி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"சித்தியால அங்க தனியா இருக்க முடியலையாம். என்னையும் கூட்டிட்டுப் போறாங்களாம்."

சாயங்காலம் தெல்மா வந்ததும் பானுமதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தெல்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ கூப்பிட்ட. நீதான் அனுப்பணும்."

மறுபடியும் மாடி, மறுபடியும் தீ. தெல்மா மீனை இட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். பானுமதியின் தோளில் ரூபி துவண்டு கிடந்தாள். அந்த வார்த்தை வாயில் வருவேனா என்றது. புருஷன் பாடை கிளம்பியபோதுகூட அவள் அதைச் சொன்னவள் இல்லை. பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் சில்லென்று பட்டது.

"போங்கம்மா. திரும்பி வராதீங்க. புள்ளைய விட்டுடுங்க."

புகை நேராக நின்றது. தோளில் கிடந்த ரூபியின் வாய் திறந்தது. வந்தது பெரியவள் ஒருத்தியின் குரல்.

"போறேன்."

சற்று நேரத்தில், "வேர்க்குது பானும்மா" என்று ரூபியே ஸ்வெட்டரைக் கழற்றினாள். பானுமதி அவளை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தெல்மா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அது என் தங்கச்சி குரல். தமிழ்ல என்னமோ சொன்னாளே. என்ன சொன்னா?"

பானுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வயிறு நெறைஞ்சிடுச்சாம், மேடம்."