ஆரோக்கியக் குழந்தைப் போட்டியும் திரிபுரசுந்தரியின் தொண்டையும்

திரிபுரசுந்தரியின் வீட்டில் ரகசியம் என்ற சரக்கு புழங்கியதே இல்லை. அம்மா அபயாம்பாளுக்கு இரண்டு காதும் மந்தம். "உப்பு போதுமா?" என்று கேட்பதற்கே அந்த வீட்டில் அடிவயிற்றிலிருந்து காற்றை இழுக்க வேண்டும். ஹைதராபாத்தில் மத்திய அரசு நிறுவனம் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸில் சுவர்கள் அப்பளம் மாதிரி. சுந்தரி கெமிஸ்ட்ரியில் வாங்கிய மார்க், அப்பாவுக்குத் தட்டிப்போன பிரமோஷன், அன்றைக்கு சாம்பாரில் வேகாத பருப்பு எல்லாம் பிளாக் முழுவதற்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். மாடிவீட்டு மாமி பருப்பு வேக வைக்கும் பக்குவத்தைக்கூட மேலிருந்தே சொல்லி அனுப்புவாள்.

அதனால் சுந்தரிக்கு மெதுவாகப் பேசத் தெரியாமல் போனதில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. 1979இல் செகந்திராபாத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்தபோது, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். பொறுப்பாளர் சாவித்ரி மேடம் ஒவ்வொருத்தியாக எழுப்பி, "உனக்கு என்ன வரும்?" என்று கேட்டார். ஒருத்தி முதலுதவி என்றாள், ஒருத்தி பாட்டு என்றாள். சுந்தரி எழுந்து, "எனக்கு ஒண்ணுமே வராது மேடம்" என்றாள். பக்கத்துக் கட்டிடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். சாவித்ரி மேடம் அந்தக் கணமே அவளைச் சேர்த்துக்கொண்டார்.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் மல்லாபூர். நாச்சாரத்தை ஒட்டிய தொழிற்பேட்டை; தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. சேவை செய்யக் கிளம்பிய பெண்கள் எலுமிச்சை சாதப் பொட்டலமும் வாட்டர் பாட்டிலுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். முதல் நாள் முழுவதும் ஒரே உபதேசம்: தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற ஒருத்தி, "கிருஷ்ணாயில் நீ வாங்கித் தருவியா?" என்று கேட்டதும் உபதேசம் அந்த வரிசையோடு நின்றது.

இரண்டாவது வரிசையில்தான் சுந்தரி பாமாவைப் பார்த்தாள். பாமா செகந்திராபாத் லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்தவள். பாட்டன் காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ராணுவக் கன்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் ஃபவுண்டரியில் இரும்பு உருக்கப் போயிருந்தான். மடியில் பதினோரு மாதப் பையன். பெயர் குணசேகரன். கனமெல்லாம் பெயரில்தான் இருந்தது. வற்றிய தொடையில் தோல் மடிப்பு விழுந்து தொங்கியது. தினம் சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, இருமுகிறான், பால் குடிக்கச் சோம்புகிறான் என்றாள் பாமா. சுந்தரி குனிந்து பையனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல கேம்ப் போடறோம். டாக்டர் வரார். நீங்க கட்டாயம் வரணும், அக்கா" என்றாள்.

"வர்றேன். ஆனா நீதான் இருக்கணும். உன்னைத் தவிர எனக்கு அங்க யார் தெரியும்?"

அந்த ஒரு வார்த்தையைச் சுந்தரி மடியில் முடிந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை குணசேகரனை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

கூட்டத்தை எப்படி வரவழைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. எமர்ஜென்சியில் கேம்ப் என்று சொல்லி ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்து அனுப்பிய பயம் இன்னும் தெளியவில்லை. கேம்ப் என்ற சொல் காதில் விழுந்தாலே மல்லாபூர் ஆண்கள் லுங்கியை இறுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார்கள். யோசனை சொன்னவள் சுந்தரிதான்.

"ஆரோக்கியக் குழந்தைப் போட்டின்னு வெச்சா என்ன மேடம்? எடை பார்ப்போம், ஊசி போடுவோம். ஜெயிச்ச குழந்தைக்கு பிளாஸ்டிக் பக்கெட்!"

சாவித்ரி மேடம் கைதட்டினார். பிரின்சிபால் தானே வந்து பரிசு கொடுப்பதாகச் சொல்லி, போட்டோகிராபருக்கும் ஏற்பாடு செய்தார். மைக் செட் வாடகைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் அலைமோதியது. பள்ளிக்கூட வராந்தாவின் உத்தரத்தில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, அதன் அடியில் தூளி மாதிரி துணியைக் கட்டியிருந்தார்கள். முதலில் முத்தடுப்பு ஊசி, பிறகு தூளி. குழந்தை தூளியில் ஆட, சுந்தரி முள்ளைப் பார்த்து மைக்கில் முழங்கினாள். "ஒம்பது கிலோ! சபாஷ்! அடுத்தது பத்தரை கிலோ! எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு பாருங்கோ!"

பத்தரை கிலோவின் தாய் முகம் வெளுத்தது. குழந்தையை வாரி எடுத்து, அதன் தலையைச் சுற்றி விரல்களைச் சொடுக்கினாள்.

"தங்கச்சி, ரெண்டு கிலோ கொறைச்சுச் சொல்லு."

"கொறைச்சுச் சொன்னா பரிசு கிடைக்காதே?"

"பரிசு வேணும். கண்ணு வேணாம்."

இந்த நிபந்தனைக்குப் போட்டி விதிகளில் இடமில்லை. சுந்தரி அடுத்த குழந்தைக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தூளியில் ஏறிய அத்தனையும் கன்னத்தில் மையும் இடுப்பில் வெள்ளிக் கொடியுமாக உருண்டு திரண்ட குழந்தைகள். நோய் பார்க்க வந்த டாக்டர் சந்திரமோகன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காதில் எறும்பு போன ஒரு பையனை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. குணசேகரனும் இல்லை.

சுந்தரி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தோழி விஜயகுமாரியைக் கேட்டாள். விஜயகுமாரி மூன்று தலைமுறை செகந்திராபாத்காரி; அவள் தமிழில் ஊர் ஹிந்தி கலந்திருக்கும்.

"பாமா அக்காவைப் பாத்தியோடி?"

"ஹவ், பாத்தேனே. கேட்வரைக்கும் வந்துச்சு. நீ கிலோ கிலோவா கத்துனதைக் கேட்டுச்சு. முந்தானையைப் போட்டுப் புள்ளையை மூடிக்கிட்டுத் திரும்பிப் போயிருச்சு."

"நீ ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"கைக்கு? எதுக்குச் சொல்லணும்? நீ எங்க யாரைப் பேச விட்டே?"

டாக்டருக்குப் பகலில் ஆஸ்பத்திரி டியூட்டி. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். சுந்தரி மைக்கை விஜயகுமாரி கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பாமா கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"வந்தேன்மா. வாசல்வரைக்கும் வந்தேன். நீ ஏலம் போட்டுக்கினு இருந்தே. என் புள்ளையைத் தொங்கவுட்டு இன்னா கூவியிருப்பே? நாளைக்கு இந்த மல்லாபூரே, இவ புள்ளைக்குச் சோறு போடலைன்னு பேசும். நக்கோ, வேணாம்."

"தப்புதான்க்கா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ரகசியமா வெச்சுக்கறேன்."

சுந்தரி தன் ஆயுளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னது இது. மூன்று வீடு தள்ளி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தெலுங்குக்காரி நிமிர்ந்து, "ஏம் ரகசியம் அம்மா? மாக்கு கூடா செப்பு!" என்றாள், தனக்கும் சொல்லும்படி.

பாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுதான் உன் ரகசியமா? அடப் பாவமே. சரி கேளு. அந்த மைக்கை நிறுத்து. கூட்டத்தை அனுப்பு. எடை எவ்வளவுன்னு யாருக்கும் சொல்லாதே." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "எனக்கும் சொல்லாதே."

சுந்தரி திரும்பி ஓடிவந்தபோது சாவித்ரி மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரின்சிபால் எந்த நிமிடமும் வந்துவிடுவார். போட்டியை இப்போது நிறுத்துவதாவது!

"ஒரு குழந்தைக்காகவா?" என்று கேட்டார் மேடம்.

"மேடம், மத்த குழந்தைக்கெல்லாம் ஒண்ணுமே இல்லை. அது ஒண்ணுதான் நோயாளி."

மேடம் பதில் யோசிப்பதற்குள் சுந்தரி மைக்கைப் பிடித்துவிட்டாள். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், ஹிந்தி என்று தான் நம்பியதில் ஒரு தரம் அறிவித்தாள்.

"அம்மாமார்களே! போட்டி முடிஞ்சுது. எந்தக் குழந்தை ஜெயிச்சதுன்னு மைக்கில் சொல்லமாட்டோம். கண் படும். பரிசு வீடு தேடி வரும். சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சுத்திப் போடுங்கோ!"

காலையிலிருந்து அவள் பேசியதில் மல்லாபூர் முழுமனதாக ஒப்புக்கொண்ட பேச்சு இதுதான். ஒவ்வொரு தாயும் பக்கத்திலிருந்தவளை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஜெயித்த குழந்தையை இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். கால் மணியில் வராந்தா காலி.

"வாங்கினதே மூணு பக்கெட்!" என்று சாவித்ரி மேடம் தலையில் கைவைத்தார். "பிரின்சிபால் வந்தா யாருக்குக் கொடுப்பார்?"

"அவருக்கே ஒண்ணைக் குடுத்துடலாம் மேடம்" என்றாள் விஜயகுமாரி.

பாமா பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக வந்தாள். குணசேகரனைத் தூளியில் விட்டபோது துணி சரியாகத் தொய்யக்கூட இல்லை. சுந்தரி முள்ளைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. உதட்டைக் கடித்து மூடிக்கொண்டு, டாக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

விஜயகுமாரி பதறிப்போனாள். "என்னாச்சுடி? தொண்டை கட்டிருச்சா?"

டாக்டர் சந்திரமோகன் முள்ளைப் பார்த்தார். குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் வைத்துக் கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று விசாரித்தார். மாமனாருக்கு உண்டு என்றாள் பாமா.

"ப்ரைமரி காம்ப்ளெக்ஸ் மாதிரி இருக்கு, குழந்தைங்களுக்கு வர்ற டி.பி. எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. மாமனாரையும் கூட்டிட்டு வாங்க. குணப்படுத்தக் கூடியதுதான். ஆனா மருந்தை நடுவுல விட்டுடக் கூடாது."

அந்த நேரம் பார்த்து பிரின்சிபாலின் கார் வந்தது. கொழுத்த குழந்தைகளைத் தேடிய போட்டோகிராபருக்கு அகப்பட்டது இந்த ஒன்றுதான். "இதுவும் நல்லாத்தான் இருக்கும், ஏழைக் குழந்தை, பக்கத்துல டாக்டர்" என்று கேமராவைத் தூக்கினார். பாமா முந்தானையை இழுப்பதற்குள் சுந்தரி நடுவில் வந்து நின்றுவிட்டாள். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இவளும் இடப்பக்கம். அவர் வலப்பக்கம் போனால் இவளும் வலப்பக்கம். அந்த வருடக் கல்லூரி மலரில் 'மல்லாபூரில் மகத்தான சேவை' என்ற தலைப்பின் கீழே ஒரு பெரிய முதுகும் ஒரு பின்னலும் அச்சாகியிருந்தன.

பாமா டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, சுந்தரியைத்தான் பார்த்தாள். "அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் தனியா போவமாட்டேன். நீ வர்றியா?"

மறுநாள் சுந்தரிக்கு பிஸிக்ஸ் பிராக்டிகல் இருந்தது. போனாள், ஆஸ்பத்திரிக்கு.

எக்ஸ்ரே டாக்டரின் சந்தேகத்தை உறுதிசெய்தது. மாமனாருக்கும் அதே வியாதிதான். தாத்தாவுக்கும் பேரனுக்குமாக மருந்து ஆரம்பித்தது. மாதக்கணக்கில் நீளும் வைத்தியம். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்ட வேண்டும், குணசேகரன் அதைத் துப்புவான், பாமா அழுவாள், சுந்தரி மறுபடி குழைப்பாள். சேவைக்கு விதித்த மணிக்கணக்கு முடிந்த பிறகும் அவள் மல்லாபூர் பஸ் ஏறுவது நிற்கவில்லை. இடையில் போட்டியில் ஜெயித்த அத்தனை தாய்மார்களும் அவளை வழிமறித்து பக்கெட் எங்கே என்று கேட்டார்கள். அவள் சுற்றுவழியில் போகப் பழகினாள்.

வீட்டில் அப்பா ஒருநாள் கேட்டார். "கேம்ப்தான் முடிஞ்சுடுத்தே. இன்னும் என்னம்மா மல்லாபூர்?"

"மருந்து முடியலையேப்பா!"

"யாருக்கு மருந்து? உனக்கா?" என்றாள் அபயாம்பாள்.

இந்தச் சம்பாஷணை வழக்கமான சுருதியில் நடந்தபடியால், சாயங்காலத்துக்குள் பிளாக்கில் நாலு மாமிகள் சுந்தரியின் உடம்பை விசாரிக்கக் கஷாயத்தோடு வந்தார்கள். ஒரு வரன் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. சுந்தரி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மருந்தை எங்கேயும் விடவில்லை. எடை ஏறுகிறதா என்று பாமா ஒருமுறைகூடக் கேட்கவில்லை; டாக்டர் முள்ளைப் பார்க்கும் நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை, டாக்டர் சந்திரமோகன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனிந்தார். குணசேகரன் அவரை ஒரு கணம் முறைத்தான். பிறகு வலது காலை மடக்கி, முகத்தைப் பார்த்து ஒரு உதை விட்டான். மூக்குக்கண்ணாடி பறந்து போய் பெஞ்சுக்கடியில் விழுந்தது.

"ஐயோ, டேய்!" என்று பாமா கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "அடிக்காதீங்க. இன்னிக்குத் தராசுல போட வேண்டாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பையனின் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுந்தரி தரையில் மண்டியிட்டு, பெஞ்சுக்கடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். சட்டத்திலிருந்து கழன்ற கண்ணாடி வில்லை ஒன்று கிடைத்தது. இன்னொன்று சுவரோரம் உருண்டிருந்தது.